பிக்கப் மாத்தறதுக்கு முன்னாடி ஒரு ஸ்க்ரூட்ரைவர் எடுங்க

கல்ச்சுரல்ஸ் ஆடிஷன் தேதி அறிவிச்ச உடனே எனக்கு ஒரு மெசேஜ் வரும். வருஷம் மாறும், ஜூனியர் மாறுவான், மெசேஜ் மாறாது. "அண்ணா, மெட்டல் வாசிக்கணும். இ.எம்.ஜி 81 போடவா, டங்கன் போடவா?" கூடவே ஒரு போட்டோ. கறுப்பு கிட்டார், பின்னால ஹாஸ்டல் கட்டில், கட்டில்மேல காயாத துண்டு.

பதில் சொல்றதுக்கு முன்னாடி நான் ஒண்ணு கேப்பேன். இப்ப இருக்கற பிக்கப்போட உயரத்தை எப்பவாவது மாத்திப் பாத்திருக்கியா? "உயரமா? அதை மாத்தலாமா?"னு பதில் வரும். இந்தக் கட்டுரை அந்தப் பதிலுக்காகத்தான்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன், நடுவுல போய் திட்டாதீங்க. ஹை கெய்ன் மெட்டலுக்கு எந்த பிக்கப் நல்லதுங்கற சண்டையில நாம போடற பணத்துக்கும் நேரத்துக்கும் பாதி நியாயம்கூட இல்லை. நம்மகிட்ட இருக்கறது ஒரு மலிவான கிட்டார், ஒரு ஜூம் மல்டி எஃபெக்ட், ஒரு ஹெட்ஃபோன். இந்த நிலைமைல பிக்கப் கடைசியா மாத்த வேண்டிய பொருள். ஒரு நல்ல பிராண்டட் பிக்கப் இன்னிக்கு ரூ.10,000-ஐ ஒட்டி இல்லேன்னா தாண்டி நிக்குது. நம்மள்ல பலருக்கு அது பல மாச மெஸ் காசு.

இதை மேடைல நின்னு உபதேசம் பண்ணல. செகண்ட் இயர்ல டியூஷன் எடுத்துச் சேத்த காசுல நானும் ஒரு ஆக்டிவ் பிக்கப் வாங்கினவன்தான். போட்டேன். வித்தியாசம் இருந்தது. ஆனா ஒரு வாரம் கழிச்சு ரெகார்ட் பண்ணிக் கேட்டப்ப, பழைய கூழ் புதுக் கிண்ணத்துல வந்திருந்தது.

ஏன்னு யோசிக்க நமக்கு வெளியாள் வேண்டாம், செகண்ட் செமஸ்டர் சர்க்யூட் தியரி போதும். பிக்கப்னா காந்தத்தைச் சுத்தி ஆயிரக்கணக்கான சுத்து செம்புக் கம்பி. அதாவது ஒரு இண்டக்டர். கம்பிக்கு ரெசிஸ்டன்ஸ் உண்டு, சுத்துகளுக்கு நடுவுல கொஞ்சம் கெப்பாசிட்டன்ஸ் உண்டு. அதோட கிட்டார்லேந்து ஆம்ப் வரைக்கும் போற கேபிளோட கெப்பாசிட்டன்ஸும் சேரும். ஆக நீங்க 'டோன்'னு சொல்றது பெரும்பாலும் ஒரு ஆர்.எல்.சி ஃபில்டரோட ரெசொனன்ஸ்.

கணக்கு போட்டே பாத்துடலாம். 6 மீட்டர் கேபிள், மீட்டருக்கு சுமார் 100 பிக்கோஃபாரட். பிக்கப்போட சொந்தப் பங்கு ஒரு 100. மொத்தம் 700. பழைய பாணி ஹம்பக்கருக்கு 4.4 ஹென்றினு வைங்க. ரெசொனன்ஸ் சுமார் 2,870 ஹெர்ட்ஸ்ல வரும். 'ஹாட்' பிக்கப்புக்கு 8 ஹென்றினு வைங்க. சுமார் 2,130-க்கு இறங்கிடும். அதாவது சுத்து அதிகமாக ஆக சவுண்ட் பெருசாகும், கூடவே மேல்பக்கம் மங்கும். 'ஹாட்டா இருந்தா மெட்டல்'னு வாங்கினவங்க பலர் "என்னடா போர்வை போத்தின மாதிரி இருக்கு"னு புலம்பறதுக்கு இதுதான் காரணம். அரை விலை கேபிளை ஆசைப்பட்டு 10 மீட்டர் வாங்கினீங்கன்னா போர்வை இன்னும் கனமாகும்.

அடுத்த மூடநம்பிக்கை, ஓம் கணக்கு. "இது 16 கே மச்சி, அது வெறும் 8 கே." டி.சி ரெசிஸ்டன்ஸ் கம்பியோட நீளத்தையும் தடிமனையும் மட்டும்தான் சொல்லும். மெல்லிசான கம்பி போட்டா சுத்து கூடாமலே ஓம் கூடும். செய்மூர் டங்கன்ல ஜே.பி-யும் டிஸ்டார்ஷனும் ரெண்டுமே சுமார் 16-லேந்து 17 கிலோ ஓமுக்குள்ள இருக்கு. ஜே.பி-ல அல்னிகோ 5 காந்தம், டிஸ்டார்ஷன்ல செராமிக். ஓம் கிட்டத்தட்ட ஒண்ணு, சத்தம் ஒண்ணு இல்லை. ஜே.பி-ல நடு அதிர்வெண்கள் பாடும், லீட் வாசிக்க சுகம், ஆனா கனமான டியூனிங்ல அடிப்பக்கம் கொஞ்சம் தளரும். டிஸ்டார்ஷன் இறுக்கமா, கொஞ்சம் கத்திரி மாதிரி வெட்டும்.

இப்ப முக்கியமான இடம். ஹை கெய்ன்னா என்ன? சைன் அலையோட தலையையும் காலையும் வெட்டறது. பிக்கப் ரெண்டு மடங்கு சத்தமா அனுப்பினாலும் ஆம்ப் அதே உயரத்துலதான் வெட்டப்போகுது. அவுட்புட் வித்தியாசம் 6 டெசிபல்னா, கெய்ன் நாப்பைக் கொஞ்சம் திருப்பினா முடிஞ்சது. க்ளீன் டோன்ல, ப்ளூஸ்ல, பாதி கெய்ன்ல அவுட்புட்டுக்கு அர்த்தம் இருக்கு. கெய்ன் 9-ல வெச்சு வாசிக்கற நமக்கு ரொம்பக் கம்மி.

மிச்சம் இருக்கறது ஃபில்டர் வடிவம். அது நிஜமாவே முக்கியம், ஏன்னா அது டிஸ்டார்ஷனுக்கு முன்னாடி நிக்குது. முன்னாடி நிறைய பேஸ் போனா, அது மத்த அதிர்வெண்களோட பின்னிக்கிட்டு க்ளிப் ஆகும். இன்டர்மாடுலேஷன்னு கம்யூனிகேஷன் பேப்பர்ல படிச்சோமே, அதேதான். டிராப் சி-ல கடைசிக் கம்பி சுமார் 65 ஹெர்ட்ஸ். ஏழு கம்பி கிட்டார்ல பி சுமார் 62. அந்த அடிமட்டம் முழுசா உள்ள போனா பாம் மியூட் 'ஜக் ஜக்'னு வராது, 'பொத் பொத்'னு வரும். பின்னாடி ஈக்யூ வெச்சு எவ்வளவு வெட்டினாலும் அந்தக் கூழ் பிரியாது.

ஆனா முன்னாடி வைக்கற ஃபில்டர் உங்ககிட்ட ஏற்கெனவே இருக்கு! மல்டி எஃபெக்ட்ல ஆம்ப் ப்ளாக்குக்கு முன்னாடி ஒரு ஈக்யூ ப்ளாக் போடலாம். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ குறைங்க, 700-800 பக்கத்துல லேசா ஏத்துங்க. இல்லேன்னா ஐபனீஸ் டியூப் ஸ்க்ரீமர் மாடலை முன்னாடி வெச்சு டிரைவ் பூஜ்யம், லெவல் முழுசு. அந்த சர்க்யூட்ல க்ளிப் ஆகற கட்டம் சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழ உள்ளதுக்கு கெய்னைக் குறைச்சுக்கிட்டே போகும். உலகத்துல மெட்டல் ரெகார்ட் பண்ற பாதிப் பேர் அந்தப் பச்சை டப்பாவை டிஸ்டார்ஷனுக்காக வைக்கல, இந்த வடிகட்டலுக்காகத்தான் வைக்கறாங்க. 'டைட்' பிக்கப்னு காசு குடுத்து வாங்கற குணத்துல பெரும்பகுதி இதுல கிடைச்சுடும். பிறகு ஆம்ப் கெய்னை 9-லேந்து 5-க்குக் கொண்டுவாங்க. முதல் நாள் ஏதோ உடுப்பு இல்லாம நிக்கற மாதிரி இருக்கும். மூணாம் நாள் உங்க வலது கை எவ்வளவு ஒழுங்கில்லாம இருந்ததுன்னு கேக்க ஆரம்பிக்கும்.

வரலாறும் இந்தக் கட்சிதான். மெட்டல் பிறந்ததே ஹாட் பிக்கப் இல்லாம. பர்மிங்ஹாம்ல ஷீட் மெட்டல் தொழிற்சாலையில வேலை பாத்த டோனி அயோமி, 17 வயசுல, மெஷின்ல மாட்டி வலது கை ரெண்டு விரல் நுனியை இழந்தார். அவர் இடது கைக்காரர். வலது கைதான் கம்பியை அழுத்தற கை. ப்ளாஸ்டிக்கை உருக்கித் தானே விரல் தொப்பி செஞ்சு போட்டுக்கிட்டு, மெல்லிய கம்பிக்கு மாறி வாசிச்சார். (மறைமலை நகர்ல இன்டர்ன்ஷிப் போறவங்க, பிரெஸ் மெஷின் கிட்ட கையை வைக்கறப்ப இவரை நினைச்சுக்கோங்க.) 1970-ல வந்த முதல் ப்ளாக் சப்பத் ஆல்பம் ரெகார்டிங்ல அவரோட ஸ்ட்ராட் பிக்கப் செத்துப்போக, கையிருப்பு கிட்டாரா இருந்த கிப்சன் எஸ்.ஜி-யை எடுத்தார். அதுல இருந்தது பி-90, சிங்கிள் காயில். அந்த இருட்டு சத்தம் எந்த 'மெட்டல்' பிக்கப்லேந்தும் வரல. அப்ப அப்படி ஒரு வகையே கடைல கிடையாது. மாத்திப் போடறதுக்குன்னே விக்கற ஹாட் பிக்கப்பா டிமார்சியோ சூப்பர் டிஸ்டார்ஷன் வந்தது 1972-ல.

1990-ல என்டூம்ப்ட் போட்ட 'லெஃப்ட் ஹேண்ட் பாத்' ஆல்பத்தை எடுத்துக்கோங்க. ரம்பம் அறுக்கற மாதிரி அந்த ஸ்வீடிஷ் டோன் பாஸ் எச்.எம்-2 பெடலோட எல்லா நாப்பையும் முழுசாத் திருப்பி வெச்சது. அதைக் கேட்டுட்டு யாரும் "எந்த பிக்கப்?"னு கேக்கறதில்லை, "எந்த பெடல்?"னுதான் கேக்கறாங்க. பான்டெராவோட டைம்பேக் டேரல் பில் லாரன்ஸ் பிக்கப் போட்டிருந்தது உண்மை. ஆனா மெட்டல்காரன்னா வால்வு ஆம்ப்தான்னு எல்லாரும் சொன்ன காலத்துல அவர் ராண்டால் சாலிட் ஸ்டேட் ஆம்ப் வெச்சிருந்ததும் உண்மை. அந்த வெட்டு அங்கேந்துதான் நிறைய வருது.

யூடியூப்ல நாஷ்வில் கிட்டாரிஸ்ட் ஜிம் லில் செஞ்ச சோதனையைப் பாக்கலன்னா, இந்த வாரம் செமினார் நேரத்துல பாருங்க. கிட்டார் உடம்பே இல்லாம, ரெண்டு பெஞ்சுக்கு நடுவுல கம்பியை இழுத்துக் கட்டி, கீழ பிக்கப்பை வெச்சு வாசிப்பார். கிட்டார்ல வர்ற சத்தம் அப்படியே வரும். மரம், உடம்பு எல்லாம் போனாலும் மாறாத சத்தம், பிக்கப் கம்பிக்கு எவ்வளவு கிட்ட, எந்த இடத்துலங்கறதுல மாறிடுது. அவர் பிக்கப்பை ஒதுக்கல, நானும் ஒதுக்கல. ஆனா பிக்கப்போட பேரைவிட அது நிக்கற இடம் எவ்வளவு பேசுதுன்னு அதுல தெரியும்.

அதனாலதான் ஸ்க்ரூட்ரைவர். பிரிட்ஜ் பிக்கப்போட ரெண்டு பக்கமும் ரெண்டு ஸ்க்ரூ இருக்கு. கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பிடிச்சு, கம்பிக்கும் பிக்கப்புக்கும் நடுவுல 2-லேந்து 3 மில்லிமீட்டர் வர்ற மாதிரி வைங்க. தடிக் கம்பிப் பக்கம் அரை மில்லிமீட்டர் கூடுதலா இறக்குங்க. நிறைய மலிவு கிட்டார்ல கடைலேந்து வரும்போதே பிக்கப் கம்பியை முட்டற மாதிரி நிக்கும், இல்லேன்னா குழிக்குள்ள உக்காந்திருக்கும். கால் திருப்பு, வாசி, கேளு. மறுபடி கால் திருப்பு. ஸ்க்ரூட்ரைவர் பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில என்ன விலைனு உங்களுக்கே தெரியும். கூடவே புதுக் கம்பி செட் போடுங்க. நம்ம வேர்வைக்கும் இந்த ஊர் ஈரத்துக்கும் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்குது, துருப்பிடிச்ச கம்பிக்குக் கீழ எந்த பிக்கப்பும் பிரகாசிக்காது.

"அண்ணா, எனக்கு டோன் பிரச்சினை இல்லை, 'ங்ங்ங்'னு ஒரு சத்தம் வருது, அதுக்குத்தான் இ.எம்.ஜி"ங்கறவங்களுக்குத் தனியா. கிப்சன்ல சேத் லவர் 1955-ல ஹம்பக்கரைக் கண்டுபிடிச்சதே இதுக்காகத்தான். எதிரெதிராச் சுத்தின ரெண்டு காயில், காந்த துருவமும் எதிரெதிரா. கம்பியோட சிக்னல் கூடும், வெளிலேந்து வர்ற இரைச்சல் கழிஞ்சுடும். ஆக உங்க கிட்டார்ல ஏற்கெனவே ஹம்பக்கர் இருந்தும் இரைச்சல் வந்தா, குற்றவாளி வேற இடத்துல இருக்க வாய்ப்பு அதிகம்.

நம்ம ஊர்ல அந்த வேற இடம் பெரும்பாலும் சுவர்ல இருக்கு. தாம்பரத்துக்கு 1931-லேயே மின்சார ரயில் வந்தாச்சு, என் ரூம் மூணு பின் பிளக்ல எர்த் மட்டும் இன்னும் வந்து சேரல. லேப்டாப் சார்ஜரைக் கழட்டிட்டு பேட்டரில ஓட்டிப் பாருங்க. இரைச்சல் குறைஞ்சா அது பிக்கப் தப்பில்லை. அடுத்து ஃபேன். எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் அலையைப் பாதியில வெட்டி அனுப்பறதால 'பஸ்ஸ்'னு ஒரு சத்தம் கிட்டார்ல ஏறும். மே மாசம் ஃபேனை நிறுத்துன்னு சொன்னா என்னை அடிப்பீங்க. 5-ல வைங்க போதும், முழு வேகத்துல வெட்டு இருக்காது. நம்ம மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அது ஜி சுரத்துக்கு (49 ஹெர்ட்ஸ்) ரொம்பப் பக்கம். ஜி-ல ரிஃப் எழுதினா தாம்பரம் மின்சாரமும் கூடப் பாடும்ங்கறது எங்க பேண்ட் ஜோக்.

ஜோக் இல்லாத பகுதி ஒண்ணு இருக்கு. கம்பியைத் தொட்டா இரைச்சல் குறையுதுன்னா அது சகஜம், உங்க உடம்பு எர்த்தோட சேருது. ஆனா கம்பியைத் தொட்டுக்கிட்டே மைக்லயோ ஆம்ப் பெட்டிலயோ கை வெச்சா சுருக்குனு இழுத்துச்சுன்னா, அந்த இடத்துல வாசிக்காதீங்க. வார்டன்கிட்ட சொல்லி எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. எந்த பிக்கப்பும் அதைச் சரி பண்ணாது.

சரி, எல்லாம் பண்ணியாச்சு, இன்னும் மாத்தணும்னு தோணுதுன்னா? சில நேரம் மாத்தத்தான் வேணும். கெய்ன் ஏத்தினா விசில் மாதிரி 'கீச்'னு கத்தற பிக்கப் இருக்கு. உள்ள காயில் மெழுகில் ஊறாம தளர்வா இருந்தா அது மைக் மாதிரி நடந்துக்கும், அதை ஈக்யூ காப்பாத்தாது. பிரிட்ஜ்ல சிங்கிள் காயில் மட்டும் இருக்கற கிட்டார்ல ஹாஸ்டல் மின்சாரத்தோட ஹை கெய்ன் வாசிக்கறது தவம்.

அப்ப என் ஓட்டு எதுக்கு? நம்ம சூழ்நிலைக்கு மட்டும் சொல்றேன். செட் பண்ணி மறந்துடணும், ரிதம்தான் வாசிப்பேன், ரூம் மின்சாரம் மோசம்னா இ.எம்.ஜி 81-ஐ நான் குறை சொல்லமாட்டேன். ஹெட்ஃபீல்டும் ஹேமட்டும் கெர்ரி கிங்கும் வாசிச்ச பிக்கப். உள்ள சின்ன ப்ரீஆம்ப் இருக்கறதால லோ இம்பீடன்ஸ்ல வெளிய வரும், கேபிள் நீளம் பெருசா பாதிக்காது, இரைச்சல் ரொம்பக் கம்மி. எல்லா கிட்டார்லயும் ஒரே மாதிரி கேக்கும்னு திட்டுவாங்க. மலிவு கிட்டாருக்கு அது வரம். ஆனா 9 வோல்ட் பேட்டரிக்குக் குழிக்குள்ள இடம் வேணும், பாட் எல்லாம் 25 கே-க்கு மாறணும், வாசிச்சு முடிச்சதும் கேபிளைக் கழட்டணும். ஜாக்தான் சுவிட்ச், மாட்டியே வெச்சா பேட்டரி காலி. நான் பரீட்சை லீவுக்கு அப்படியே விட்டுட்டு ஊருக்குப் போனவன்.

லீட், க்ளீன், கொஞ்சம் சினிமாப் பாட்டு எல்லாமே ஒரே கிட்டார்ல வேணும், ஸ்டாண்டர்ட் டியூனிங்தான்னா ஜே.பி. டிராப் டியூனிங், வேகமான ரிஃப்னா டங்கன் டிஸ்டார்ஷன். ஐயர்ன் மெய்டன் மாதிரி கொழுத்த, பழைய பாணி ஹெவி வேணும்னா சூப்பர் டிஸ்டார்ஷன். டேவ் மரே அதைத்தான் வெச்சிருந்தார். ஃபிஷ்மன் ஃப்ளூயன்ஸ் 2014-ல வந்தது, கம்பி சுத்தறதுக்குப் பதிலா சர்க்யூட் போர்டுல அச்சடிச்ச காயிலை அடுக்கினது. ஒரு ஈ.சி.இ மாணவனா அதைப் பாத்தா எனக்கு வாய் ஊறும். விலையைப் பாத்தா ஊறினது வத்தும். பேர் நைஃப், லண்ட்கிரென் எல்லாம் வேலை கிடைச்சப்பறம் பேசலாம்.

அதுவரைக்கும் ஒரு கணக்கு மட்டும் போட்டுப் பாருங்க. நம்ம பக்கத்துல ஜாம் ரூம் ஒரு மணி நேரத்துக்குச் சில நூறு ரூபாய். நாலு பேர் பங்கு போட்டா ஒரு பிக்கப் காசுல ஒரு செமஸ்டர் முழுக்க வாராவாரம் வாசிக்கலாம். 2009-ல சாரங்குக்கு ஓபெத் வந்து ஐ.ஐ.டி-ல வாசிச்சதை சீனியர்கள் இன்னும் கதையாச் சொல்றாங்க. அந்தக் கூட்டத்துல நின்ன சென்னைப் பசங்க அதுக்கப்பறம் பேண்ட் ஆரம்பிச்ச கதையும் சொல்றாங்க. யாரும் அன்னிக்கு எந்த பிக்கப் இருந்ததுன்னு கதைல சேத்ததில்லை. நம்ம காலேஜ்ல போன வருஷம் மூணு மெட்டல் பேண்ட் இருந்தது, இப்ப ஒண்ணு. மத்த ரெண்டும் கலைஞ்சது டோன் சரியில்லாம இல்லை, சேந்து வாசிக்க நேரமும் காசும் இல்லாம. ப்ளேஸ்மென்ட் சீசன் வேற.

நீங்க கேக்கற ஆல்பம் டோன் ஒரு கிட்டார் இல்லைங்கறதையும் நினைவு வெச்சுக்கோங்க. ஒரே ரிஃப்பை ரெண்டு தடவை, சில சமயம் நாலு தடவை தனித்தனியா வாசிச்சு இடமும் வலமும் பிரிச்சு வெச்சிருப்பாங்க, கீழ பேஸ் கிட்டார் சேந்து அந்த எடையைத் தூக்கும். உங்க லேப்டாப்ல இதை இன்னிக்கு ராத்திரியே செய்யலாம். நியூரல் ஆம்ப் மாடலர் இலவசம், கேபினட் ஐ.ஆர் ஃபைல்களும் ஏராளமா இலவசமாக் கிடைக்குது. ஐ.ஆர்-ஐ மட்டும் மாத்தி மாத்திக் கேளுங்க. ஒரு ஸ்பீக்கர் கேபினட்லேந்து இன்னொண்ணுக்கு மாறும்போது வர்ற வித்தியாசம், எந்த ரெண்டு ஹம்பக்கருக்கும் நடுவுல நான் கேட்டதைவிட பெருசு.

இத்தனைக்கப்பறமும் வாங்கினீங்கன்னா, எழும்பூர்ல இறங்கி ரிச்சி தெருவுக்கு நடந்து போய் பாட், கெப்பாசிட்டர், ஷீல்டட் ஒயர் வாங்கி நீங்களே சால்டர் பண்ணுங்க. லேப்ல படிச்சது ஒரு தடவையாவது பயன்படட்டும். கழட்டறதுக்கு முன்னாடி ஒயரிங்கை போட்டோ எடுங்க. ஒவ்வொரு கம்பெனியும் ஒயர் கலரை ஒவ்வொரு மாதிரி வெச்சிருக்கும், தப்பாக் கொடுத்தா ரெண்டு காயிலும் ஒண்ணையொண்ணு கழிச்சு மெல்லிசா ரேடியோ மாதிரி கேக்கும். பயப்படாதீங்க, எதுவும் எரிஞ்சுபோகல. ஒரு காயிலோட ரெண்டு ஒயரை மாத்திக் கொடுங்க, சரியாயிடும். பழைய பிக்கப்பை ஒரு கவர்ல போட்டு பேர் எழுதி வைங்க. கிட்டாரை விக்கறப்ப அதைத் திரும்பப் போட்டுட்டு, புதுசை அடுத்த கிட்டாருக்கு எடுத்துக்கலாம்.